டீச்சரைக் கேளுங்கள்: முகாம் முடிந்த பிறகு

கேள்வி: டீச்சர், மே மாதம் எங்கள் கோயில் பங்கில் மூன்று நாள் இளையோர் முகாம் நடத்தினோம். கடைசி இரவு நற்கருணை ஆராதனையில் நாற்பது பிள்ளைகளும் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் பாதியானது. ஆடி பிறந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். இன்னொரு முகாம் வைக்கலாமா? திருச்சியிலிருந்து நல்ல இசைக்குழு ஒன்றை அழைத்து வரலாமா?
– இளையோர் குழு வழிகாட்டி, தேவகோட்டை

இசைக்குழு வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். டவுன் பஸ் டிக்கெட்டுக்கு உதவும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகள் அழுதது பொய்யில்லை. கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, தோழர்களோடு வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வைத்து, நடு இரவில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடினால் பதினைந்து வயதுப் பிள்ளை அழத்தான் செய்யும். ஆண்டவர் அந்த அழுகைக்குள்ளும் பேசுவார். ஆனால், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள்? வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் நீங்கள் பேசியிருப்பீர்கள், அவர்கள் கேட்டிருப்பார்கள். திங்கள் முதல் சனி வரை பள்ளியில் நடப்பதும் அதுதானே? போதாததற்கு, காரைக்குடியில் நீட் பயிற்சி வகுப்பு ஞாயிறு காலையிலேயே தொடங்கிவிடுகிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. கூட்டத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். இது சின்ன வேலை. இந்த வாரமே செய்துவிடலாம்.

பெரிய வேலை வேறு இருக்கிறது. நம் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை என்றாலே நரைத்த தலைகள்தான் நினைவுக்கு வரும். அதைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். பாரிஸ் நகரில், ‘உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்று சக மாணவன் ஒருவன் விவாதக் கூட்டத்தில் வைத்துக் கேட்டான். மாணவர் பிரடெரிக் ஓசானாமால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று நண்பர்களோடு சேர்ந்து சபையைத் தொடங்கினார். அன்று அவருக்கு இருபதாவது பிறந்தநாள். இதில் நான் கவனித்த இன்னொன்று: அந்த இளைஞர்கள் தனியாக விடப்படவில்லை. நாற்பதை நெருங்கிய பெய்லி என்ற பத்திரிகையாளர் அவர்களோடு அமர்ந்தார். சேரிப் பகுதியை நன்கு அறிந்திருந்த ரோசலி ரான்டு என்ற அருட்சகோதரி, எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்தார். வேலை பிள்ளைகளுடையது, பக்கத்தில் நின்றவர்கள் பெரியவர்கள்.

இப்போது பஸ் டிக்கெட்டுக்கு வருகிறேன். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் பங்குத்தந்தை நற்கருணை கொண்டுபோகும் முதியவர்களின் பட்டியல் ஒன்று உங்கள் பங்கிலும் இருக்கும். நம் ஊர்ப் பக்கத்து நிலைமைதான் உங்களுக்குத் தெரியுமே. பிள்ளைகள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும். வீட்டில் ஒரு கிழவி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அந்தப் பட்டியலைப் பிரித்து, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வீடு என்று கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே வீடு, அதே பிள்ளைகள். பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள். தனியாக யாரும் போகக்கூடாது. ஒரு பெரியவர் கூடவே போகவேண்டும். கதவு திறந்தே இருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். பார்வை மங்கிய பாட்டி ஒருவருக்குத் திருப்பாடல் வாசிக்கப் போனாள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடகடவென்று வாசித்தாள். “மெதுவாக வாசி தாயி, ஆண்டவர் எங்கேயும் ஓடிப்போகமாட்டார்” என்றாராம் பாட்டி. என்னிடம் வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு புகார் சொன்னாள். அடுத்தமுறை போனபோது பாட்டி வேறொரு வேலை வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, பழைய காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்திவைக்க வேண்டும். கிழிந்ததைத் தைக்க அவருக்குக் கை பழகியிருந்தது. நூல் கோக்கத்தான் கண் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டியிருக்கவில்லை. அட்டையில் ஊசி தீர்ந்திருக்கும் என்று அவளே கிளம்பிவிடுவாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள்தான் அதிகம் பேசினாள். வலியில் கிடப்பவர் செபித்தும் கடவுள் ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்ட கேள்விக்கு, மறைக்கல்விப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத்தான் பதில் தேட வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களைத் திரட்டிய கார்டைன் அடிகளார், பார்த்துவிட்டு வா, பிறகு சிந்திப்போம், பிறகு செயல்படுவோம் என்று வகுத்த வழியும் இதுதான். நாம்தான் பார்ப்பதை விட்டுவிட்டு நேரே சிந்திக்க உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடி தந்த பளபளப்பு பிறகு மனிதர்கள் நடக்க நடக்க இன்னும் ஏறும். நீங்கள் இரண்டாவது முகாம் என்ற சூளைக்கு விறகு தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு சொல். பங்குத்தந்தையர் மாறுதலாகிப் போவார்கள். அவர்களோடு குழுவும் கலைந்துவிடும். உள்ளூரில் வேர் விட்ட ஆசிரியர், கடைக்காரர், செவிலியர் என்று ஐந்தாறு பிள்ளைக்கு ஒரு பெரியவரைப் பிடியுங்கள். மேடைப் பேச்சு வராதவராகப் பார்த்துப் பிடித்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. குடும்பச் செபமாலைக்கு முழங்கால் போடமாட்டான். ஆனால் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்க மட்டும் ஓடுகிறான். செபத்துக்கு உட்காரும்வரை கீபோர்டைப் பூட்டிவைக்கலாமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

கீபோர்டில் கை வைக்காதீர்கள் அம்மா. அவனைக் கோயிலோடு கட்டியிருக்கும் கயிறு இப்போதைக்கு அது ஒன்றுதான். திருப்பலியில் எந்தப் பாட்டு ஏன் வருகிறது என்று அவனிடமே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வருவான். வாசிக்கிறவனுக்கு அந்த ரோஷம் உண்டு.

அமெரிக்காவில் 2002–03இல் 13 முதல் 17 வயது வரையுள்ள 3,290 பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசி, சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிள்ளைகளின் மத வாழ்வில் மற்ற யாரையும்விடப் பெற்றோரின் செல்வாக்கே பெரிது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த ஊர் வீடு வேறு, பள்ளத்தூர் வீடு வேறுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: மகன் முழங்கால் போடாததை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். செபமாலை நேரத்தில் அவன் அப்பா எங்கே இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே!

கேள்வி: முகாமில் கடவுள் பக்கத்திலேயே இருப்பதுபோல் இருந்தது. இப்போது பூசையில் நின்றால் கிரிக்கெட்தான் ஓடுகிறது. இந்த நிலையில் பீடத்தில் ஏறி வாசகம் வாசிப்பது வேஷம் இல்லையா?
– பிளஸ் ஒன் மாணவன், காரைக்குடி

வேஷம் இல்லை தம்பி. விவிலியத்தில் அரசர்கள் முதல் நூலில் பதினெட்டாம் அதிகாரத்தையும் பத்தொன்பதாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்துப் பார். கார்மேல் மலையில் வானத்து நெருப்பையே இறக்கிய எலியா, அடுத்த அதிகாரத்தில் செடியடியில் படுத்து, சாகவேண்டும் என்கிறார். கடவுள் இன்னொரு முறை நெருப்பில் வரவில்லை. தூங்கவிட்டார்; வானதூதர் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; பிறகு செய்யவேண்டிய வேலையையும், கூட வர எலிசாவையும் காட்டினார். அன்னை தெரேசா பல ஆண்டுகள் உள்ளே இருட்டோடுதான் நடந்தார் என்பதை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அதற்காகக் கொல்கத்தாவில் தன் வேலையை அவர் நிறுத்தவில்லை.

வாசகத்தைச் சனிக்கிழமை இரவே வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகு. எபிரேயப் பெயர்களில் தடுக்கினால் யாரிடமாவது கேள். நடுவில் கிரிக்கெட் வந்தால் வரட்டும். அடுத்த வரிக்குத் திரும்பி வா.

கேள்வி: கூட்டத்துக்கு வராத பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் இல்லை என்று அறிவிக்கலாமா?
– ஒரு பங்குத்தந்தை

அறிவித்தால் வருகைப் பதிவேடு நிரம்பிவிடும் சாமி. உறுதிபூசுதல் முடிந்த அடுத்த வாரம் அதே பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஓரியூர் நடைப்பயணத்தில் இளைஞர்கள் கைபேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வருகிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களை விட்டுவிட்டுப் போகலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.
– அன்பியப் பொறுப்பாளர், புதுவயல்

விட்டுவிட்டுப் போனால் உங்கள் கால்வலியைப் பேசிக்கொண்டே போய்ச் சேர்வீர்கள். நாம் யாரைப் பார்க்க நடக்கிறோம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னீர்களா? போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பிறகு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். சிறுவயதில் கூடவே வளர்ந்த போர்ச்சுகல் அரசர், இங்கேயே இருந்துவிடும் என்றார். அரண்மனை வாழ்வு கைக்கெட்டும் தூரத்தில். அவர் 1690இல் கப்பலேறித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. ‘ஏன் திரும்பி வந்தார்?’ என்ற கேள்வியை மட்டும் கிளம்பும் முன்பே இளைஞர்களிடம் கொடுங்கள். வழியில் ஓய்வெடுக்கும் இடங்களில் கதையை அவர்களே சொல்லட்டும்; தப்பாகச் சொன்னால் குறுக்கே விழாமல், முடிந்த பிறகு திருத்துங்கள்.

தண்ணீர் வண்டி, முதலுதவிப் பெட்டி, இரவுச் சாப்பாடு, முதியவர்கள் ஏறிவரும் வேன் எல்லாவற்றையும் அவர்கள் கையில் ஒப்படைத்துவிடுங்கள். காசையும் கொடுங்கள். திரும்பி வந்த மறுநாள் கணக்கு நோட்டை வாங்கி, ரசீதோடு ஒத்துப் பாருங்கள்.