பழைய ஜிப்சியில் 1.6 லிட்டர் பலேனோ எஞ்சின் போடலாமா?

கேள்வி: "90களில் வந்த மாருதி ஜிப்சி கிங் ஜீப் வைத்திருக்கிறேன். மலையில் இழுவை போதவில்லை. பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினை மாற்றிப் போட்டவர்கள் இருந்தால் அனுபவம் சொல்லுங்கள்."

நான் போட்டேன். மூன்று வருடம் ஓட்டினேன். அப்புறம் கழற்றினேன்.

உங்கள் வண்டியைப் பார்க்காமலே ஒன்று கேட்கிறேன். பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்கள்தானே? ஜிப்சி கைக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் செய்யும் முதல் வேலை அதுதான். கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15. நான் மாட்டியது 235/75 ஆர்15. டயரின் விட்டம் ஆறரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுகிறது. ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கினால், எல்லா கியரிலும் இழுவை அந்த அளவுக்கு அடிபடும். கார்புரேட்டர் வைத்த 1298 சிசி எஞ்சினுக்கு இருப்பதே 60 குதிரைத்திறன். அது தரும் இழுவையிலும் பத்தில் ஒரு பங்கை டயர் விழுங்கினால், நேற்று வரை இரண்டாவது கியரில் ஏறிய வளைவு இன்று முதல் கியர் கேட்கும். பழி மட்டும் எஞ்சின் மேல் விழும். இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒன்றரை லட்சம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் வண்டி 1997ல் அப்பா வாங்கியது. பொள்ளாச்சியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை எங்களுடையது. வால்பாறை எஸ்டேட்டுகளில் தேயிலை ஃபேக்டரி மோட்டார் எரிந்துபோனால், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கழற்றி எடுத்துவந்து கட்டிக் கொடுப்போம். பதினேழு வருடம் அந்த வேலையை அதே எஞ்சின்தான் செய்தது. 2014ல் வண்டி என் கைக்கு வந்தது. டயர் மாற்றினேன், இழுவை போனது, எஞ்சின் மாற்ற முடிவெடுத்தேன்.

பலேனோ என்றால் இப்போது வரும் ஹேட்ச்பேக் இல்லை, 1999ல் வந்த பழைய செடான். 1590 சிசி, 94 குதிரைத்திறன். அடிபட்ட வண்டி ஒன்றிலிருந்து எஞ்சின், வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம் பெட்டி எல்லாம் சேர்த்து, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் வாங்கினோம். இரண்டு எஞ்சினும் சுசுகியின் ஜி வரிசை என்பதால் கியர்பாக்ஸ் போல்ட் அப்படியே உட்காரும். இதை நம்பித்தான் எல்லோரும் இறங்குகிறார்கள். ஆனால் பலேனோவில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்காரும், ஜிப்சியில் நீளவாட்டில். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் பிராக்கெட் புதிதாக அடிக்க வேண்டும். எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் முன் ஆக்சிலில் தட்டும், அதை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்‌ஷனுக்கு டேங்கில் மின்சார பம்ப் வேண்டும், ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். இரண்டு வாரம் என்று ஆரம்பித்த வேலை ஏழு வாரம் இழுத்தது.

ஓட்டியபோது கிடைத்த சந்தோஷம் உண்மை, அதை மறைக்க மாட்டேன். வால்பாறை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் லாரியை முந்தினேன். ஆனால் இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டியது அதே பழைய பிரேக். அந்தத் தெம்பில் வேகமாக இறங்கியவன், ஒன்பதாவது வளைவுக் காட்சி முனைக்குச் சற்று மேலே பெடலை மிதித்தால் கால் பாதி வரைக்கும் சும்மா போகிறது. பிரேக் லைனிங் கருகிய வாடை. இரண்டாவது கியருக்கு இறக்கி எப்படியோ ஓரம் கட்டினேன். பக்கத்தில் அப்பா. ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போய் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

2017ல் ஆர்சி புதுப்பிக்கப் போனோம். ஆய்வாளர் எஞ்சின் நம்பர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, மேலே டேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தது. ஜி, 1, 6. ஆர்சியில் இருப்பது ஜி13. "இது எந்த வண்டி எஞ்சினுங்க?" என்றார். அதட்டவெல்லாம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவை அவர்தான் விளக்கினார். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. அதே வகை எஞ்சின் என்றால் முன் அனுமதியோடு போடலாம், பெரியது போட வழியில்லை.

'நாங்கள் பத்து வருடமாக ஓட்டுகிறோம், ஒருவரும் கேட்டதில்லை' என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அந்த 52வது பிரிவுத் தடையை உறுதி செய்துவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஒரு விபத்து நடந்து, காப்பீட்டுக்காரர் எஞ்சின் நம்பரைப் பார்க்கும் நாளில்தான் உங்களையும் கேட்பார்கள். ஆஃப்ரோடு போட்டிக்கென்றே லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைப் பற்றி நான் பேசவில்லை.

சரி, பழையதையே திரும்பப் போட்டுவிடலாம் என்றால் அது என்னிடம் இல்லை. கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி மெக்கானிக்கிடமே கொடுத்திருந்தேன். அவர் மூணாறுப் பக்கம் ஒருவருக்கு விற்றிருந்தார், அங்கிருந்து இன்னொரு கை மாறிவிட்டது. இரண்டு தடவை போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த எஞ்சினை ஏன் சாமி குடுத்தே?" இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

வேறொரு ஜிப்சி கிங்கின் எஞ்சினை பில், பழைய ஆர்சி நகலோடு தேடிப் பிடித்து, அனுமதி வாங்கி, ஆர்சியில் ஏற்ற நான்கு மாதம் ஆனது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, 205 டயருக்கே திரும்பினேன். வண்டி இரண்டாவது கியரில் வால்பாறை ஏறுகிறது.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஒழுங்காக வைத்திருப்பவனுக்கு என்ன மரியாதை இருக்கிறது? 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025ல் 20 வருடம் தாண்டியதற்கு 10,000. புகைச் சோதனையில் சுலபமாகத் தேறும் வண்டியும் தட்டுத்தடுமாறித் தேறும் வண்டியும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும். கட்டணம் போட வயதைப் பார்க்கிறார்கள், வண்டியின் நிலையைப் பார்ப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் டயரைப் பாருங்கள். அடுத்து நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று சோதியுங்கள், அரை மணி நேர வேலை. குறைந்திருந்தால் ரீபோர் செய்யுங்கள். எதற்காக எஞ்சினை இறக்கினாலும் அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, திறப்புகளில் துணி அடைத்து, தார்ப்பாய் போட்டு மூடி வீட்டிலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை கிராங்க்கை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், இறுகாது.