படத்தில் கணு தெரியட்டும்

காற்றாடி மாதிரி ஐந்து இதழ் வெள்ளைப் பூ. மல்லிகை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மல்லிகைதானா?

நந்தியாவட்டை. இலையைக் கிள்ளினால் பால் வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மல்லிகை, முல்லை எதிலும் பால் கிடையாது. பால் வடியும் செடியைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.

என் காகிதப்பூவில் வண்ண இதழ்களுக்கு நடுவே குட்டி வெள்ளைப் பூ முளைக்கிறது. நோயா?

அந்தக் குட்டிதான் பூ. வண்ணமாகத் தெரிபவை பூவடிச் செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். செடி நன்றாக இருக்கிறது.

மஞ்சள் பூ, குழல் மாதிரி இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். பெயர் சொல்லவும்.

படம் பார்த்தேன். திரை முழுக்க ஒரே ஒரு பூ. இலை இல்லை, தண்டு இல்லை, செடி எவ்வளவு உயரம் என்று ஒரு வரி கூட இல்லை. பத்தில் எட்டுக் கடிதம் இப்படித்தான் வருகிறது. பூவை மட்டும் காட்டிப் பெயர் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன்!

மஞ்சள் குழல் பூ என்றதும் மூன்று செடிகள் நினைவுக்கு வருகின்றன. கணுவுக்கு மூன்று, நான்கு இலை வட்டமாக அமைந்து, கிள்ளினால் பாலும் வந்தால் அலமண்டா. ஒடுக்கமான இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி ஏறி, பாலும் வந்தால் தங்க அரளி. ஒரே காம்பில் விளிம்பு ரம்பம் போன்ற சிற்றிலைகள், பால் இல்லை, ஒல்லியாக நீளக் காய் தொங்குகிறது என்றால் டெகோமா. இவற்றில் தங்க அரளியின் கொட்டை உயிரையே எடுக்கும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் எது நிற்கிறது என்று ஊகத்தில் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒருமுறை ஒருவர் பூவைக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார். வந்து சேர்ந்தபோது பழுப்பாகச் சுருண்டு, உருவமே இல்லை. ஆனால் அதோடு விரல் நீளத் தண்டு ஒன்று ஒட்டி வந்திருந்தது. லென்ஸில் பார்த்தால், இலை உதிர்ந்த தழும்புகள் மாறி மாறி ஏறுகின்றன. வெட்டுவாயில் பால் காய்ந்து காகிதத்தைப் பிடித்திருக்கிறது. தங்க அரளி என்று சொல்ல அந்தத் தண்டுதான் உதவியது, பூ இல்லை.

சரி, இனி நான்கு படம் அனுப்புங்கள்: முழுச் செடி, இலை தண்டில் சேரும் கணு, இலையின் அடிப்பக்கம், பக்கவாட்டில் பூ. காய் இருந்தால் அதுவும். செயலி சொன்ன பெயரை மட்டும் எழுதி ‘சரியா?’ என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

முள் இருக்கிறது, பாலும் வருகிறது. கள்ளி என்றால் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு வைத்தது போலச் சின்ன மெத்தை இருந்தால் கேக்டஸ். அது இல்லாமல் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நின்றால் யூஃபோர்பியா. பாலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சில கேக்டஸிலும் பால் உண்டு. யூஃபோர்பியா பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. வெட்டும்போது கண்ணாடி, கையுறை போடுங்கள். அப்புறம் கையைக் கழுவுங்கள்.

மரம் மாதிரி ஊமத்தை, பூ கீழே தொங்குகிறது. கஷாயம் வைக்கலாமா?

கூடவே கூடாது. அது ப்ரூக்மான்சியா. ஊமத்தையைப் போலவே விஷம். பெயர் தெரியாத செடியை வாயில் வைக்காதீர்கள்.

ஸீஸீ (ZZ) செடியில் தண்டு கிளைக்கவே இல்லை.

நீங்கள் தண்டு என்று நினைப்பது இலையின் நடுக்காம்பு. அந்த முழுக் கொத்தும் ஒரே இலை. தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது.

மணி பிளான்ட்டா, ஃபிலோடென்ட்ரானா? இரண்டிலும் இதய வடிவ இலை.

தளிரைப் பாருங்கள். ஃபிலோடென்ட்ரானில் புது இலை மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும், விரிந்தபின் உறை காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டில் அப்படித் தனி உறை இல்லை. இலைக்காம்பின் மேல்பக்கத்தைத் தடவினால் வாய்க்கால் மாதிரிப் பள்ளமும் தட்டுப்படும். எதுவானாலும் மென்றால் நாக்கும் தொண்டையும் எரியும். கைக்குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் கொடியை ஏற்றிக் கட்டுங்கள்.