கேள்வி – பதில்: காவிரிக் கரையூர்களில் ஓட்டம்

மைதானத்தைச் சுற்றி 5 கி.மீ. ஓடிப் பழகிவிட்டேன். மேடும் பள்ளமுமான கிராமப் பாதையில் ஓட ஆசை. டெல்டாவில் அப்படி எங்கே இருக்கிறது?
*– வாசகர், தஞ்சாவூர்*

வண்டல் படிந்த சமவெளி இது. ஆற்றங்கரையும் பாலமும் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இயற்கையான ஏற்ற இறக்கம்தான் வேண்டும் என்றால் தென்மேற்கே வல்லம் பக்கம் போங்கள். அங்கே வண்டல் முடிந்து செம்மண் மேட்டு நிலம் தொடங்கிவிடும். நெடுஞ்சாலையை விட்டு உள்ளூர்ச் சாலைக்குள் நுழைந்தால் பாதை மெல்ல ஏறி இறங்கும். உருளும் கப்பிக்கல் மட்டும்தான் தொல்லை. இறக்கத்தில் எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாத நாளில் ஆற்றங்கரைச் சரிவே போதும். சாலையிலிருந்து கரை உச்சிக்கு ஏறும் வண்டிப்பாதை எல்லா ஊரிலும் உண்டு. முப்பது நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் 15 நிமிடம் மெதுவோட்டம். பிறகு சரிவில் 6 முறை ஓடி ஏறுங்கள், இறங்கும்போது நடந்தே இறங்குங்கள். வாரம் ஒருநாள் போதும். வாரத்துக்கு ஒன்று கூட்டி 10 முறை வரை போகலாம். இந்தப் பயிற்சியில் கால் கெடுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறிய வேகத்திலேயே ஓடி இறங்கினால் முழங்காலும் கெண்டைக்கால் முன் எலும்பும் ஒரு வாரத்துக்கு வலிக்கும்.

கரை உச்சியில் நீளமாக ஓடுவதென்றால் கிராவல் போட்ட கரையாகப் பாருங்கள். வெறும் களிமண் கரை மழையில் செருப்பு, ஷூ எதுவானாலும் அடியில் அப்பிக்கொண்டு காலைக் கனக்க வைக்கும். கோடையில் அதே கரை பாளம் பாளமாக வெடித்து, கணுக்கால் பிசகக் காத்திருக்கும். கரையில் சீமைக் கருவேலம் வெட்டிய பிறகு சில வாரங்களுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த முள் ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே வரும்.

ஞாயிறு காலையில் 10 கி.மீ. ஓட வேண்டும், வழியில் பழைய ஊர்களும் வர வேண்டும். ஒரு பாதை சொல்லுங்கள்.
*– வாசகி, கும்பகோணம்*

தாராசுரம் – பட்டீஸ்வரம் – பழையாறை. இந்தத் தூரத்துக்குள் இவ்வளவு சரித்திரம் அடங்கிய பாதை டெல்டாவில் வேறு இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் வாசலில் தொடங்குங்கள். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில் இது. அங்கிருந்து தெற்கே வயல்களுக்கு நடுவே பட்டீஸ்வரம். அந்த ஊர்ப்புறத்தில் ராமநாதன்கோயில் என்ற இடத்தில் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எடுப்பித்தது. ஊரைத் தாண்டினால் சோழர்களின் மாளிகை இருந்த பழையாறை. கீழப்பழையாறை சோமநாதர் கோயில் வரை போய்த் திரும்பினால் 10 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடவோ குறைவோ வரும்.

விடிந்ததும் கிளம்பி ஏழரைக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பட்டீஸ்வரம் துர்க்கையைப் பார்க்க வரும் கார்களும் வேன்களும் அந்தக் குறுகிய சாலையை அடைத்துக்கொள்ளும். மார்கழியில் தெருவுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறையுங்கள். கோலம் பாதித் தெரு வரை வந்திருக்கும், மாவு காய்ந்திருக்காது. அதை மிதிக்காமல் எதிர்ச்சாரியில் போக இடம் இருக்கும். கோயிலுக்குள் போக நினைத்தால் இடுப்புப் பையில் ஒரு துண்டும் மடித்த வேட்டியோ துப்பட்டாவோ இருக்கட்டும்.

5 கி.மீ. போதும் என்கிற நாளில் சுவாமிமலை – திருவலஞ்சுழி போய் வாருங்கள். பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறைகள் வழியிலேயே இருக்கின்றன. அவர்கள் அச்சுக்குப் பூசுவது காவிரி வண்டல்தான்.

திருவையாறு ஏழூர்ப் பாதையை முழுதாக ஓட முடியுமா?
*– வாசகர், திருக்காட்டுப்பள்ளி*

திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். சித்திரையில் பல்லக்கு சுற்றி வரும் ஏழு ஊர்கள் இவை. முழுச் சுற்று 20 கி.மீ.யைத் தாண்டும். அரை மாரத்தான் ஓடிப் பழகியவர் என்றால் தாராளமாக ஓடலாம். மற்றவர்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வதே சரி. திருவையாறு – தில்லைஸ்தானம் போய் வருவது தொடக்கக்காரர்களுக்கு. கண்டியூர் – பூந்துருத்தி அதைவிடச் சற்று நீளம்.

திருப்பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குப் போக காவிரியையும் குடமுருட்டியையும் கடக்க வேண்டும். சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது குறுக்கே இறங்கி நடந்துவிடலாம். மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12, அடுத்த சில நாட்களில் கல்லணை. அதன் பிறகு முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்காமல் பாலம் சுற்றியே போங்கள். திருவையாறு – கும்பகோணம் சாலையில் வளைவு அதிகம், ஓரத்தில் ஒதுங்க இடம் குறைவு, பேருந்துகள் வேகமாக வரும். அந்தச் சாலையை ஒட்டிய பகுதியை விடிகாலையிலேயே முடித்துவிடுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலை முழுக்க நெல் காய்கிறது. எப்படி ஓடுவது?
*– வாசகர், மன்னார்குடி*

அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. களம் கிடைக்காதவர்கள் தார்ச்சாலையில்தான் கொட்டிக் காயவைக்க வேண்டியிருக்கிறது. அதனால் நாம்தான் பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும். நெல்லின் மேல் ஷூ காலோடு ஓடுவது மரியாதை இல்லை, வழுக்கவும் செய்யும். வைக்கோல் அதைவிட மோசம், பனி இறங்கிய வைக்கோல் எண்ணெய் ஊற்றிய தரை போல இருக்கும். நெல்லுக்குக் காவலாக ஓரத்தில் வைத்த கருங்கல்லும் செங்கல்லும் அள்ளிய பிறகும் சாலையிலேயே கிடக்கும். இருட்டில் விரல் நகம் பெயர்வது இதில்தான்.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பாவும் தாளடியும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இந்த மாதங்களில் கொள்முதல் நிலையம் இருக்கும் சாலையை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு மாறுங்கள். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் அறுவடை இயந்திரம் ஓடும் வயலுக்குக் காற்று வீசும் திசையில் போகாமல் இருந்தால் போதும். நடவுக் காலத்தில் சேற்றில் உழ இரும்புச் சக்கரம் மாட்டிய கேஜ் வீல் டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போகும் சேற்றுக்கட்டிகளையும் பார்த்துக் கால் வையுங்கள்.

விடியுமுன் ஓடப் பயமாக இருக்கிறது. நாய், பாம்பு இரண்டும்தான் காரணம்.
*– வாசகி, மயிலாடுதுறை*

விடிந்த பிறகே ஓடுங்கள். ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் சூரியன் வரும். இருட்டில்தான் ஓட முடியும் என்றால் தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம், ஒருவர் துணையும் வேண்டும். வரப்பும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் மண்டிய வாய்க்கால் ஓரமும் வேண்டாம். கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கிடந்தால் பக்கத்தில் போகும் வரை தெரியாது. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நில்லுங்கள். அதற்கு முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மைதானத்தில் ஓடியபோது இல்லாத முழங்கால் வலி, கிராமச் சாலையில் ஓடத் தொடங்கியதும் வந்துவிட்டது.
*– வாசகர், திருவாரூர்*

சாலையின் ஓரச் சரிவாக இருக்கலாம். மழைநீர் வடிய நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்திருப்பார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்தில் ஓடுகிறீர்கள், அது சரிதான். ஆனால் வலது கால் எப்போதும் பள்ளத்தில் விழும், இடது கால் மேட்டில் விழும். இடுப்பு சாய்ந்து முழங்காலின் வெளிப்பக்கம் இழுபடும். வண்டி வராத ஊர்ச் சாலையில் நடுவில் ஓடுங்கள், வாரத்தில் இரண்டு நாள் கரைக்கு மாறுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ வீங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

நீராகாரம் குடித்துவிட்டு ஓடலாமா?
*– வாசகர், பாபநாசம்*

ஒரு டம்ளர், உப்புப் போட்டு, அரை மணி நேரம் முன்னால் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் கையில் அரை லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. அளவு மீறி உப்புப் போட்டால் குமட்டும்.

ஓடி முடித்து ஆற்றில் குளிக்கலாமா?
*– வாசகர், வலங்கைமான்*

தண்ணீர் ஓடும் மாதங்களில் வேண்டாம். மேலே ரெகுலேட்டரில் ஷட்டரைத் தூக்கினால் நேற்று இடுப்பளவு இருந்த துறை இன்று ஆளை மூழ்கடிக்கும். மணல் அள்ளிய குழி கண்ணுக்குத் தெரியாது, களைத்த காலுக்கு நீச்சலும் வராது. மோட்டார் கொட்டகைத் தொட்டிதான் பத்திரம். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சோப்பில்லாமல் குளியுங்கள், அந்தத் தண்ணீர் நேராக நாற்றங்காலுக்குப் போகிறது.