பேட்டரி சார்ஜரிலேயே இருக்குண்ணா! – கேமரா பை பற்றிய கேள்வி பதில்

போன ஞாயிறு தருமபுரியிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒகேனக்கல்லுக்குப் படம் எடுக்கக் கிளம்பினோம். பென்னாகரம் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்கும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, பேட்டரி சார்ஜரிலேயே இருக்குண்ணா." வண்டியில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் மற்றவர்களும் தங்கள் பையைத் திறந்து பார்க்க, இன்னொருவருக்கு மெமரி கார்டு இல்லை. அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவன் நான், மறப்பதிலும் சீனியர் என்பதால் நானே பதில் சொல்கிறேன்.

பேட்டரியை விட்டு வந்தது நான்தான் அண்ணா. என்னுடையது கேனன் 1500டி. பவர் பேங்க் கையில் இருந்தும் சார்ஜ் ஆகவில்லையே, ஏன்?

தம்பி, அந்த மாடலில் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறாது. பேட்டரியைக் கழற்றி அதற்கான சார்ஜரில்தான் போட வேண்டும். சோனி ஏ6400 மாதிரி கேமரா என்றால் ஆஃப் செய்துவிட்டுச் சாதாரண பவர் பேங்கில் செருகினாலே ஏறும். கேனன் ஆர்10 வைத்திருப்பவர்கள் பிடி (பவர் டெலிவரி) வகை பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள், சும்மா போனுக்கு வாங்கிய பழைய பவர் பேங்க் அதில் வேலை செய்யாது. எப்படியிருந்தாலும் பேட்டரியே வீட்டில் இருந்தால் எந்த பவர் பேங்கும் உதவாது.

இந்த மாதிரி நேரத்தில் நான் முதலில் தேடுவது ஊரில் இருக்கும் போட்டோ ஸ்டுடியோவைத்தான். பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, கல்யாணம் எடுக்கிறவரிடம் இரண்டு மூன்று வகை பேட்டரியாவது கிடக்கும். முகூர்த்த நாளாக இல்லாமல் இருந்து, மரியாதையாகக் கேட்டு, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தால் பெரும்பாலும் தருவார்கள். உன்னுடையது எல்பி-இ10 வகை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேள், "கேனன் பேட்டரி" என்று பொதுவாகக் கேட்டால் அவர் எடுத்து வருவது உன் கேமராவுக்குள் நுழையாது.

பாதி சார்ஜோடு மாட்டிக்கொண்டால் இன்னொன்று. உன் கேமராவுக்கு முழு சார்ஜில் கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால் சுமார் 500 படம், பின் திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 240 என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது. அதனால் திரையை மறந்துவிடு. எடுத்த ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் அன்றைக்கு ஒருநாள் விடு.

கார்டே இல்லாமல் கேமரா எப்படி க்ளிக் ஆகிறது சார்? எனக்கு நாற்பது படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. – காவேரிப்பட்டணம்

நாற்பதுதானே! நான் ஒரு தை மாதம் கிருஷ்ணகிரி பக்கம் எருது விடும் விழாவுக்குப் போய், காளை வாடிவாசலை விட்டு வெளியே பாய்கிற ஒவ்வொரு முறையும் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தேன். முந்தைய இரவு படத்தை இறக்க லேப்டாப்பில் செருகிய கார்டு அங்கேயே இருந்தது. திரை ஓரத்தில் எச்சரிக்கை எழுதித்தான் இருந்தது, காளை வரும்போது அதை யார் படிப்பது?

கடையில் வாடிக்கையாளர் கார்டு இல்லாமலும் அமுக்கிப் பார்க்கட்டும் என்று வைத்த வசதி அது. மெனுவில் கார்டு இல்லாமல் ஷட்டர் இயங்கலாமா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும், பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை இன்றைக்கே அணைத்துவிடுங்கள். கார்டு இல்லையென்றால் கேமரா அசையவே அசையாது, வாசலிலேயே தெரிந்துவிடும்.

போனில் இருக்கும் மைக்ரோ எஸ்டியைக் கழற்றிப் போடலாமா?

அடாப்டர் இருந்தால் போடலாம். ஆனால் அதைப் போனின் உள் சேமிப்பாக மாற்றி வைத்திருந்தால் கேமராவுக்குப் படிக்கத் தெரியாது, ஃபார்மேட் செய்யச் சொல்லும். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு, போனும் தகராறு செய்யும். சாதாரணமாகப் போட்டு வைத்த கார்டு என்றால் பயமில்லை. இடம் குறைவாக இருந்தால் ராவை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் பெரிய கோப்பு) விட்டு ஜேபெக்கில் (சாதாரணப் படக் கோப்பு) எடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம் 25 எம்பிக்கு மேல் போகும், ஜேபெக் 10 எம்பி அளவில் முடிந்துவிடும்.

கார்டு இருக்கிறது, ஆனால் தங்கச்சி நிச்சயதார்த்தப் படம் முழுக்க அதில்தான். அழிக்கலாமா?

கூடாது. போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி கார்டு ரீடர் கிடைத்தால் போனுக்கு ஏற்றி, நாலு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் யோசி. இல்லையா, அன்றைக்குப் படமே வேண்டாம், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வா.

ட்ரைபாட் கொண்டுவந்தேன், ஆனால் கேமராவுக்கு அடியில் மாட்டும் தகடு வீட்டில். மூன்று கிலோவைச் சும்மா சுமந்தேன். – ஓசூரிலிருந்து ஒரு அக்கா

அக்கா, இதுதான் இருப்பதிலேயே கொடுமை. ஹார்டுவேர் கடை திறந்திருந்தால் கால் அங்குல போல்ட் ஒன்று, வாஷர் நாலைந்து, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகச் சணல் கயிறு வாங்குங்கள். கேமராவின் அடியில் இருக்கும் துளை அந்தக் கால் அங்குல அளவுதான். கயிற்றைப் போல்டில் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் ஆட்டம் நன்றாகவே குறையும். ஒன்றே ஒன்று, போல்ட் நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. மீதி நீளத்தை வாஷர் அடுக்கி அடைத்துவிடுங்கள், முறுக்கி முறுக்கி அடிப்பாகத்தை உடைக்காதீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது மஞ்சப்பை. ஒரு கிலோ ராகியைப் போட்டு வாயைக் கட்டி, பாறை மேல் வைத்து, கேமராவை அதில் அமுக்கி உட்கார வைத்து இரண்டு விநாடி டைமர். திரும்பி வந்து களி கிண்டிக்கொள்ளலாம். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் போகிறவர்கள் மட்டும் ராகிக்குப் பதில் மணலைக் கட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பக்கம் யானைகள் காட்டை விட்டு இறங்கி வருவதே ராகிக்குத்தான்.

இராயக்கோட்டைக் கோட்டைக்கு ட்ரைபாட் மறந்து போனவர்கள் வருத்தப்படவே வேண்டாம். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம், முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க விடமாட்டார்கள்.

அருவியைப் பால் மாதிரி எடுக்க ஆசை. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் இல்லை, ட்ரைபாடும் இல்லை. முடியுமா?

வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்ந்திருந்தால் முடியும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூட்டினால் படத்தில் புள்ளி விழும்) 100, லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/100 விநாடி பக்கம் நிற்கும், தண்ணீர் கல்லு மாதிரி உறைந்துவிடும். அதே அளவில் நிழலில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைந்து 1/13 ஆகும். பையில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் கிடந்தால் இன்னும் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இறங்கி 1/4 வந்துவிடும். ராகி மூட்டை மேல் வைத்தால் இது போதும்.

போலரைசரும் இல்லையா? மூட்டை மேலிருந்து கேமராவை அசைக்காமல் 1/13இல் இருபது படம் தொடர்ந்து எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடுக்கிச் சராசரி எடுத்தால் ஒன்றரை விநாடி திறந்து வைத்த மாதிரி தண்ணீர் குழைந்து வரும். எனக்கு இதுதான் ஃபில்டரைவிடத் திருப்தி.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள், கிளம்பும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் துடைக்கும் துணி மறந்துபோச்சு. துண்டால் துடைத்துவிட்டேன், தப்பா?

ஒகேனக்கல் என்ற பெயருக்கே கன்னடத்தில் புகையும் கல் என்று அர்த்தம், அவ்வளவு சாரல் அடிக்கும் இடம். அங்கே துணி இல்லாமல் போனது கஷ்டம்தான். தோளில் கிடந்த துண்டில் மண் துகள் இருக்கும், லென்ஸில் கீறல் விழும். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துத் துகள் விழ விடுங்கள், அப்புறம் பலமுறை துவைத்து நைந்த பனியன் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நான் ஒரு பழைய பனியனை நாலாகக் கிழித்து ஒரு துண்டை வண்டி டேஷ்போர்டில் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன்.

மல்லச்சந்திரம் கல்திட்டைகளை (பலகைக் கற்களால் ஆன பழங்காலக் கல்லறைகள்) எடுக்கப் போனேன், கையில் 50 எம்எம் லென்ஸ் மட்டும்தான். எதுவும் ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை.

கேமராவை நெட்டாகப் பிடித்து, எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டி, ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறுகிற மாதிரி இடமிருந்து வலமாக ஆறேழு படம் எடுத்து ஒட்டிவிடுங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் அந்தப் பலகைக் கல்லின் ஓரத்தை மட்டும் கிட்டப்போய் எடுத்துப் பாருங்கள். வைட் லென்ஸ் இருந்திருந்தால் அதை நீங்கள் எடுத்திருக்கவே மாட்டீர்கள்.

லிஸ்ட் எழுதிக் கதவில் ஒட்டினால் மறக்காதா?

நானும் ஒட்டினேன். பத்து நாளில் அது காலண்டர் மாதிரி ஆகிவிட்டது, கண் பார்க்கும், மனசு படிக்காது. யோசித்துப் பார்த்தால் நான் மறந்ததெல்லாம் நான் அக்கறையாகப் பைக்கு வெளியே எடுத்த பொருள்கள்தான். சார்ஜ் போட எடுத்த பேட்டரி, காப்பி செய்ய எடுத்த கார்டு, இன்னொரு கேமராவுக்கு மாற்றிய தகடு. பைக்குள்ளேயே கிடக்கும் உதவாத பொருள் எதையும் நான் மறந்ததே இல்லை. அதனால் இப்போது ஒன்று வெளியே போனால் அந்த இடத்தில் வண்டிச் சாவியை வைத்துவிடுகிறேன். காலையில் சாவியைத் தேடிப் பையைத் திறந்தால் காலியிடம் முகத்தில் அறையும். வீட்டில் மற்றவர்கள் வண்டி எடுக்க வேண்டுமென்றால் கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்.

செல்போனே போதாதா?

போதும். அதற்கும் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள்.

நீங்கள் கடைசியாக எதை மறந்தீர்கள்?

போன மாதம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு விடிகாலையில் பறவை எடுக்கப் போனோம். பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, தகடு, பனியன் துணி, எல்லாம் இருந்தது. படிக்கிற கண்ணாடி இல்லை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை உருட்டினேன், நாரை நன்றாகவே தெளிந்தது. பின் திரையில் இருந்த எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கூட வந்த பையனிடம் கேட்க வெட்கம். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் முந்தைய இரவு ரிசப்ஷனுக்கு வைத்த ஐஎஸ்ஓ 6400 அப்படியே இருக்கிறது.