கரீபியன் கடற்கரை விடுதிகளில் கட்டடத்துக்காகவே போய்ப் பார்க்க வேண்டியது எது? அந்தக் காசுக்குத் தகுமா?

செயின்ட் லூசியா தீவில் இருக்கும் ஜேட் மவுண்டன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் இதுதான்.

நான் கட்டடப் பொறியாளர். பார்படோஸில் மூன்று வருடம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்துத் தீவுகளில் நிறைய விடுதிகளை வேலை நிமித்தமாகப் பார்த்திருக்கிறேன். ஊர் திரும்புவதற்கு முன்னால், நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்த பணத்தில், ஜேட் மவுண்டனில் இரண்டு இரவும், அதே மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் ஆன்ஸ் ஷாஸ்டனே என்ற மூத்த விடுதியில் மூன்று இரவும் தங்கினோம். இரண்டும் ஒரே குடும்பத்தின் சொத்து. நிக் ட்ரூபெட்ஸ்கோய் என்ற கட்டடக் கலைஞர் 1974-ல் ஆன்ஸ் ஷாஸ்டனேயை வாங்கினார். முப்பது வருடத்துக்கும் மேலாக அதே மலையில் வாழ்ந்து, வெயிலும் காற்றும் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பார்த்துப் பழகிய பிறகுதான் 2006-ல் மேலே ஜேட் மவுண்டனைத் திறந்தார். அந்த முப்பது வருடம் கட்டடத்தில் தெரிகிறது.

அறைக்குப் போகும் வழியிலிருந்தே சொல்கிறேன். வழக்கமான விடுதி மாதிரி நீளமான நடைக்கூடமும் வரிசையாகக் கதவுகளும் கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் தனியாக ஒரு பாலம். கீழே செடிகொடிகள், தலைக்கு மேலே வானம். பாலம் முடிகிற இடத்தில் ஒரு மரக்கதவு. அதைத் திறந்ததும் என் மனைவி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். எதிரே சுவர் இல்லை. கண்ணாடியும் இல்லை, திரையும் இல்லை. அறை முடியும் இடத்தில் தண்ணீர், தண்ணீர் முடியும் இடத்தில் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு மலைகள்.

அந்த மலைகள்தான் பிட்டன்கள். பெரியதற்குக் குரோ பிட்டன், சிறியதற்குப் பெட்டி பிட்டன் என்று பெயர். பழைய எரிமலையின் மிச்சமாகக் கடலோரத்திலிருந்தே நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கின்றன. இரண்டுமே 700 மீட்டருக்கு மேல். நாட்டின் கொடியில் இருக்கும் முக்கோணங்கள் இவைதான், அங்கே விற்கும் பீரின் பெயரும் பிட்டன்தான். 2004-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சுவரில்லாத அறை என்றதும் முதலில் வரும் சந்தேகம், மழை பெய்தால் என்ன ஆகும் என்பது. எனக்கும் அதுதான் இருந்தது. முதல் ராத்திரியே நல்ல மழை. எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்தின் மேல் மழை கொட்டுகிறது, தரையின் ஓரத்தில் கொஞ்சம் தூவானம், கட்டிலுக்கு ஒரு சொட்டு வரவில்லை. காலையில்தான் சூட்சுமம் புரிந்தது. கரீபியனில் வருடத்தின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல்களை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்த அதே வணிகக் காற்று. ஆன்ஸ் ஷாஸ்டனே தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அறையின் திறந்த பக்கம் பிட்டன்களைப் பார்த்து, அதாவது தெற்கும் தென்மேற்குமாக இருக்கிறது. ஆகவே காற்றும் மழையும் கட்டடத்தின் முதுகில்தான் அடிக்கின்றன. சுவரை எடுத்திருப்பது காற்றுக்கு மறைவான பக்கத்தில். காட்சிக்காக மட்டும் எடுத்திருந்தால் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது. இதே அறையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிழக்குக் கரையில் வைத்தால் மெத்தை நனைந்துவிடும்.

ஏசி கிடையாது. கூரை உயரம், சில இடங்களில் 15 அடி. சூடான காற்று மேலே போய் வெளியேற இடம் இருக்கிறது. கூரையில் மின்விசிறி, கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. மலையின் உயரத்தில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் கொசுத் தொல்லை நான் பயந்த அளவுக்கு இல்லை. அறையின் தரைவடிவம் முறம் மாதிரி: பின்னால் ஒடுங்கி, கடலைப் பார்க்கப் போகப் போக விரிகிறது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் பக்கச் சுவர்கள் பார்வையை விட்டு விலகிப் போகின்றன. அதே கோணம்தான் பக்கத்து அறைக்காரர்களை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. மொத்தம் 29 அறைகள், ஆனால் இரண்டு நாளும் எங்களைத் தவிர வேறு யாரும் அந்த மலையில் இல்லாதது போலத்தான் இருந்தது.

இப்போது அந்தக் குளம். 29-ல் 24 அறைகளுக்குள் சொந்தக் குளம் உண்டு. வாசலுக்கு வெளியே தோண்டியது இல்லை, அறைத் தரையின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. கடைசி விளிம்பில் தண்ணீர் கடலோடு சேர்ந்துவிட்ட மாதிரி தெரியும். படத்தில் பார்க்கிறவர்களுக்கு அழகு. கட்டுகிறவனுக்கு அது கடினமான வேலை. வெளிவிளிம்புச் சுவரின் தலையை நீர்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே நிறுத்த வேண்டும். தண்ணீர் அதன் மேல் மெல்லிய படலமாக வழிந்து, அந்தப் பக்கம் மறைவாக இருக்கும் வாய்க்காலில் விழும். அங்கிருந்து ஒரு தொட்டிக்குப் போய், வடிகட்டி, பம்ப் வழியாகத் திரும்ப வரும். விளிம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டத்தில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் வழியும், மறு மூலை காய்ந்து கிடக்கும். நான் குளத்துக்குள் நின்று விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் உலர்ந்த இடமே இல்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. இப்படி டன் டன்னாகத் தண்ணீரை, பூகம்ப வாய்ப்புள்ள ஓர் எரிமலைத் தீவில், மலைச்சரிவின் மேல் அடுக்கடுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். கீழே போய் அந்தத் தூண்களின் கனத்தைப் பார்த்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது.

குளத்தின் உள்பக்கம் கண்ணாடி ஓடுகள். ஒவ்வொரு குளமும் ஒவ்வொரு நிறம். எங்களுடையது பச்சையும் நீலமும் கலந்த நிறம். மேகம் வந்தால் சாம்பல், வெயில் வந்தால் மயில் கழுத்து. தரையிலும் கதவுகளிலும் பல வகை வெப்பமண்டல மரங்கள் கலந்திருக்கின்றன. இரவில் வெறுங்காலோடு நடந்தால் மரத்திலிருந்து பவளக்கல்லுக்கும், கல்லிலிருந்து ஓட்டுக்கும் மாறுவது பாதத்துக்கே தெரியும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குளியலறைக்கும் முழுச் சுவர் கிடையாது. படுக்கையிடத்தைவிடக் கொஞ்சம் உயர்த்திய மேடை, அவ்வளவுதான். கணவன் மனைவிக்கு ஒத்துவரும், எல்லாருக்கும் ஒத்துவராது. அம்மா அப்பாவோடு போகும் இடம் இது இல்லை. சின்னப் பிள்ளைகளை அனுமதிப்பதும் இல்லை. விளிம்பில் கைப்பிடி இல்லாத குளங்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

அறையில் டிவி இல்லை, தொலைபேசி இல்லை. இதை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தொழிலதிபர் லாரன்ஸ் ராக்ஃபெல்லர் 1956-ல் செயின்ட் ஜான் தீவில் கனீல் பே விடுதியைத் திறந்தபோதே இந்த வழி தொடங்கிவிட்டது. கட்டடம் மரங்களின் உயரத்தைத் தாண்டாது, அறையில் தொலைபேசியும் டிவியும் இருக்காது, காற்றுதான் குளிர்ச்சி. அதே வருடம் அவர் கொடுத்த நிலத்தில்தான் அந்தத் தீவின் தேசியப் பூங்கா உருவானது. 1964-ல் வெர்ஜின் கோர்டா தீவில் லிட்டில் டிக்ஸ் பே வந்தது. கூம்புக் கூரைகளுக்காக இன்றும் அதைப் பேசுகிறார்கள். கனீல் பே 2017 செப்டம்பரில் இர்மா புயலில் சிதைந்தது. கரீபியனில் எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். செயின்ட் லூசியாவையும் 2010-ல் டோமாஸ் புயல் அடித்தது. இந்த விடுதிகளுக்குப் பக்கத்து ஊரான சூஃப்ரியேர் பக்கம் மலைச்சரிவுகள் இடிந்து பலர் இறந்தார்கள். புயல் நேரத்தில் காற்று வழக்கமான திசையில் வீசாது, சுழன்று மேற்கிலிருந்தும் வரும். திறந்த பக்கத்துக்கு ஆபத்து அப்போதுதான்.

இன்னொரு வழி பார்படோஸ் வழி. பவளக்கல் சுவர், வளைவுகள், தூண்கள், வெளிர்பச்சைச் சாயம் பூசிய மரவேலை. மேடை அலங்காரக் கலைஞரான ஆலிவர் மெஸ்ஸல் அங்கே வீடுகளை அமைத்துப் புகழ்பெற்ற பாணி அது. அழகுதான், மூன்று வருடம் தினமும் பார்த்தேன். ஆனால் அதில் பழைய பண்ணை முதலாளியின் மாளிகை எங்கோ ஒளிந்திருக்கிறது. ஜேட் மவுண்டனில் அது இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அதற்காக அந்த நிலத்துக்கு வரலாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடற்கரையை ஒட்டி வடக்கே கொஞ்சம் நடந்தால் ஆன்ஸ் மாமென் என்ற இடம் வரும். காட்டுக்குள் பழைய பிரெஞ்சுக் காலத்துச் சர்க்கரை ஆலையின் இடிபாடுகள். அடிமைகள் கரும்பு ஆட்டிய இடம். சுவருக்குள் வேர் புகுந்து கல்லைப் பிளந்திருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். மேலே இருக்கும் அறையை அதைப் பார்க்காமல் அனுபவிப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

வெளியிலிருந்து பார்த்தால் ஜேட் மவுண்டன் அழகான கட்டடம் இல்லை. படகிலிருந்து பார்த்தால் கல்லும் கான்கிரீட்டுமாக, தூண்கள் கூரையையும் தாண்டி வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, வேலை முடியாத கோட்டை மாதிரி தெரியும். என் மனைவி இதுவா என்று கேட்டாள். உள்ளே இருந்து வெளியே பார்ப்பதற்காகக் கட்டியது அது. பச்சை ஏற ஏற மலையோடு சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏற்கனவே கொடிகள் பாதியை மூடிவிட்டன.

கடற்கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கேள்வியே அதுதானே. மணல் வெள்ளை இல்லை. எரிமலை மணல், கருஞ்சாம்பல் நிறம், மதியத்தில் காலைச் சுடும். பிட்டன்களுக்கு நடுவே உள்ள இன்னொரு பெரிய விடுதியில் வெள்ளை மணல் உண்டு, அது வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பியது. அந்த இடத்தில் 1990-களின் தொடக்கத்தில் விடுதி கட்டியபோது, செயின்ட் லூசியாவில் பிறந்து 1992-ல் இலக்கிய நோபல் பெற்ற டெரக் வால்காட் கடுமையாக எதிர்த்தார். இரு பிட்டன்களுக்கு நடுவே நின்று பார்த்தால் அவர் கோபம் எனக்கு நியாயமாகவே தெரிகிறது. ஆன்ஸ் ஷாஸ்டனேயில் மணல் இருந்தபடியே இருக்கிறது. கரையிலிருந்து சில எட்டு நீந்தினாலே பவளப்பாறை தொடங்கிவிடும். மீனவர்களுக்கும் முக்குளிப்பவர்களுக்கும் தகராறு முற்றிப்போய், யார் எங்கே என்று பிரித்து 1995-ல் சூஃப்ரியேர் கடல் மேலாண்மைப் பகுதியை ஏற்படுத்தினார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டால் கிளிமீன் பாறையைக் கடிக்கும் சத்தம் காதில் கேட்கும்.

சரி, காசுக்குத் தகுமா? ஜேட் மவுண்டனில் ஓர் இரவுக்கு ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும், சீசனில் இன்னும் ஏறும். எங்களுக்கு இரண்டு இரவுதான் கட்டுப்படியானது, அதற்காக நான் வருந்தவில்லை. கட்டடம் பிடிக்கும், ஆனால் அவ்வளவு முடியாது என்றால் கீழே ஆன்ஸ் ஷாஸ்டனேயில் தங்குங்கள். மேலே செய்ததையெல்லாம் ட்ரூபெட்ஸ்கோய் முதலில் சின்னதாகச் செய்து பார்த்த இடம் அது. அங்கும் சில அறைகள் பாதி திறந்தவை. ஓர் அறையில் குளிக்கும் இடத்துக்குள்ளேயே ஒரு கொமியே மரம் இருக்கிறது. மரத்தை வெட்டாமல் அறையை அதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். படிகள்தான் நிறைய. முழங்கால் வலி இருக்கிறவர்கள் கீழ்மட்டத்து அறையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, வாடகை அதிகம். புயல் காலம் ஜூனிலிருந்து நவம்பர் வரை. நாங்கள் போனது மே மாதம். கூட்டமும் இல்லை, வாடகையும் இறங்கியிருந்தது. ஹெவனோரா விமான நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சூஃப்ரியேர் ஊரைத் தாண்டிய பிறகு வரும் கடைசிப் பாதை மேடும் பள்ளமும்தான், வாந்தி வரும் வாய்ப்புள்ளவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் போகலாம்.

அப்புறம், காலைக் காபிக்கு வைக்கும் சர்க்கரைப் பொட்டலங்களை மேசையில் விட்டுவிட்டு நகராதீர்கள். சுவர் இல்லாத அறைக்குள் சிட்டுக்குருவி அளவில் ஒரு கறுப்புக் குருவி வந்துவிடும், தொண்டையில் மட்டும் செம்பழுப்பு. எங்கள் கண் முன்னாலேயே காகிதத்தைக் கொத்திக் கிழித்து, சர்க்கரையைத் தின்றுவிட்டு, குளத்து விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் பறந்தது.