வலி குறைந்தது, கன்னம் வீங்கியது: பல் சீழ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் நான்கு நாளாகத் தாங்க முடியாத வலி. நேற்றிரவு திடீரென்று பாதியாகக் குறைந்தது. காலையில் பார்த்தால் கன்னம் வீங்கியிருக்கிறது. வலிதான் குறைந்துவிட்டதே, வீக்கம் தானாக வடியட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. இன்றே பல் மருத்துவரைப் பாருங்கள். வலி குறைந்ததை நோய் குறைந்ததாக எடுத்துக்கொள்வதுதான் பல் சீழ் விஷயத்தில் ஆபத்தான தவறு.

சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவே இருக்கும் கூழை எட்டியதும் அந்தக் கூழ் வீங்குகிறது. சுற்றிலும் கெட்டியான பல் சுவர் என்பதால் வீங்க இடமில்லை. உள்ளே ஏறும் அழுத்தம் நரம்பை நெருக்குகிறது. விண் விண்ணென்று தெறிப்பதும், படுத்தால் வலி கூடுவதும் அதனால்தான். பிறகு கூழ் செத்துவிடுகிறது. கிருமிகள் வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. அந்தச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் வந்ததும் அழுத்தம் விடுகிறது, வலி தணிகிறது, முகம் வீங்குகிறது. உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். கிருமி இருந்த இடத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

எந்தப் பல் என்பதைப் பொறுத்து வீக்கம் போகும் திசை மாறும். மேல் கோரைப் பல் என்றால் கண்ணுக்குக் கீழே வீங்கும். அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்களுக்கு மூளையை ஒட்டிய குழாய்களோடு தொடர்பு உண்டு. கீழ்க் கடைவாயின் கடைசி இரண்டு பற்களின் வேர் நுனிகள், வாயின் அடித்தளத் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இருக்கும். எனவே அங்கிருந்து கிளம்பும் சீழ் தாடைக்கு அடியிலும் கழுத்துக்கும் எளிதாக இறங்கும். அது நாக்கின் அடிப்பகுதிக்கும் பரவி நாக்கை மேலே தள்ளினால் மூச்சுக்குழல் அடைபடலாம். உங்கள் பல் அந்த வரிசையில் இருப்பதால்தான் 'இன்றே' என்கிறோம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் மருத்துவமனை திறக்கும் வரை காத்திராமல், எந்த நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்: எச்சில்கூட விழுங்க முடியாமல் வடிவது, குரல் கனத்து மாறுவது, நாக்குக்கு அடியில் தடித்து எழும்புவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, கண் மூடிக்கொள்ளும் அளவு வீக்கம், வாயில் இரண்டு விரல்கூட நுழையாதபடி தாடை இறுகுவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் தோலில் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் கோட்டைத் தாண்டினால் அதுவும் அவசரம்தான்.

கேள்வி: மருத்துவரைப் பார்க்க மறுநாள் காலைதான் முடியும் என்றால், ராத்திரியை எப்படித் தாண்டுவது?

பதில்: மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை என்றால் மட்டும் இது பொருந்தும். பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்துப் போடுவது பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்பவை என்பதால் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை போடலாம். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் ஐபுப்ரோஃபென் 1200 மில்லிகிராமையும் பாராசிட்டமால் 3 கிராமையும் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஐபுப்ரோஃபென் வகைதான். ஒன்று போட்டால் மற்றது வேண்டாம்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் ஐபுப்ரோஃபெனைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் பாராசிட்டமாலின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தின் வெளிப்புறம் 10 முதல் 15 நிமிடம் வைத்து, அதே அளவு இடைவெளி விடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொப்பளிக்கலாம். ஆனால் வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் அதிகமாக்கும்.

ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது அமிலம். ஈறு வெந்து வெள்ளையாக உரியும், வலியும் குறையாது. கிராம்பு எண்ணெயும் நேரடியாகப் பட்டால் சதையைப் பொசுக்கும். அது ஓரளவு மரத்துப்போகச் செய்யுமே தவிர, வேர் நுனியில் இருக்கும் சீழை எட்டாது.

கேள்வி: போன தடவை கொடுத்த அமாக்ஸிசிலின் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் போதாதா?

பதில்: போதாது. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. சீழ்க் கட்டிக்குள்ளும் மருந்து சரியாக நுழைவதில்லை. கிருமி பரவும்போதும் காய்ச்சல் இருக்கும்போதும் அதைக் கட்டுக்குள் வைக்க ஆன்டிபயாடிக் தேவைதான். ஆனால் சீழ் வெளியே வந்தாக வேண்டும். பல்லைத் திறந்து ரூட் கேனால் வழியாகவோ, ஈறைக் கீறியோ, பல்லை எடுத்தோ மருத்துவர் அதைச் செய்வார். மாத்திரையில் வீக்கம் வடிந்து, பல்லை அப்படியே விட்டவர்களுக்கு அதே இடத்தில் திரும்பவும் வீங்கும். வீக்கமே இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாடிக்கால் பயன் இல்லை.

வீக்கம் சட்டென வடியும் என்று யாராவது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். கிருமியோடு போராடும் சக்தியை அது அடக்கும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

கேள்வி: வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லைப் பிடுங்க வேண்டும் என்கிறார்களே? ஊசி கேட்காது என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: வீக்கம் இருக்கும்போது பல்லை எடுக்கவே கூடாது என்று விதி இல்லை. சீழுக்குக் காரணமான பல்லை எடுப்பதே பல நேரம் சிறந்த வடிகால். வாய் திறக்க முடியாதபோதும், உடல்நிலை மோசமாக இருக்கும்போதும்தான் மருத்துவர் தள்ளிப்போடுவார். ஊசி பற்றிய பயத்தில் உண்மை உண்டு. சீழ் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் மரப்பு மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. ஆகவே கீழ்த்தாடையில் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே, பல்லிலிருந்து தள்ளி ஊசி போடுவார்கள். மரத்துப்போகவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையைத் தூக்குங்கள்.

சீழ் வெளியேறிய பிறகு 48 மணி நேரத்துக்குள் வீக்கமும் வலியும் குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் திரும்பிப் போங்கள்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பிணி நான். பிரசவம் முடியட்டும் என்று இருக்கலாமா?

பதில்: வேண்டாம். தொற்றை உடம்பில் வைத்திருப்பதுதான் உங்களுக்கும் குழந்தைக்கும் கெடுதல். பல் எடுப்பது, ரூட் கேனால், மரப்பு ஊசி, பல்லுக்கான எக்ஸ்ரே எல்லாம் கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியவையே. எத்தனையாவது மாதம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போடலாம்.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தைக்குப் பால் பல்லில் சீழ், கன்னம் வீங்கியிருக்கிறது. எப்படியும் விழப்போகிற பல்தானே?

பதில்: விழப்போகிற பல்லின் வேருக்கு அடியில்தான் நிலையான பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. சீழ் அதையும் பாதிக்கலாம். குழந்தைகளுக்கு முக வீக்கம் வேகமாகப் பரவும் என்பதால் அன்றே காட்ட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் சிரப்பை எடைக்கு ஏற்றபடி, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். ஒரே பெயரில் வெவ்வேறு வீரியத்தில் சிரப் வருவதால் 5 மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று பாட்டிலில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.