மழைக்காலத்தில் கேட்க மெல்லிய இண்டி ஃபோக்-ராக் ஆல்பம் ஒன்று சொல்லுங்கள். அதன் ஒலி எப்படி இருக்கும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். மே கடைசியில் பிடிக்கிற மழை எங்களுக்குச் செப்டம்பர் வரை விடாது. தகரத்தில் மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்படி ஒரு ஜூலை இரவில், கொழும்பிலிருந்து லீவுக்கு வந்திருந்த மச்சான் ஒரு ஆல்பத்தைப் போட்டுக் காட்டினார். பான் ஈவேரின் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’. மழைக்கு எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பான் ஈவேர் என்ற பெயருக்குப் பின்னால் அன்று இருந்தது ஜஸ்டின் வெர்னன் என்ற ஒரே ஆள்தான். ‘நல்ல குளிர்காலம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2006இல் அவருடைய பழைய இசைக்குழு பிரிந்துவிட்டது, காதலும் முறிந்துவிட்டது, உடம்பும் சரியில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டில் அப்பாவுக்கு ஒரு வேட்டைக் குடில் இருந்தது. அங்கே போய்க் குளிர்காலம் முழுக்கத் தங்கினார். பெரும்பாலான பாட்டுகள் அங்கே, கையில் இருந்த எளிய கருவிகளை வைத்துப் பதிவானவை. 2007இல் தானே வெளியிட்டார், 2008இல் இசை நிறுவனங்கள் எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோயின. மொத்தம் 9 பாட்டு, 37 நிமிடம்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் ‘ஒரு ஆள், ஒரு கிட்டார்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காரணம், அன்று இயர்போனை மச்சானும் நானும் ஆளுக்கு ஒரு காதாகப் பிரித்துக்கொண்டோம். மறுநாள் தனியாக இரண்டு காதிலும் போட்டுக் கேட்டபோதுதான் திகைத்துப்போனேன். இடது பக்கம் ஒரு குரல், வலது பக்கம் இன்னொன்று, நடுவில் வேறொன்று. ஏறக்குறைய எல்லாம் அதே ஆளின் குரல்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. ஒன்று இம்மியளவு முந்தும், ஒன்றில் சுருதி மயிரிழை இறங்கும். அந்த வித்தியாசம்தான் குரலுக்குப் பருமன் கொடுக்கிறது.

மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி லயத்துக்கு லயம் சுற்றி வருமே, அதை மேல் லயத்தில் படுத்தபடி கேட்டிருக்கிறீர்களா? கீழே பனிக்குள்ளிருந்து வரும் சத்தத்தில் யார் குரல் எது என்று பிரிக்க முடியாது. பாட்டு மட்டும் வரும். இந்த ஆல்பத்தின் ஒலி எனக்கு அதுதான். என்ன, இங்கே கிட்டத்தட்ட மொத்தக் கோஷ்டியும் ஒரே மனிதன்.

இன்னொன்று, முன்பு கனத்த குரலில் பாடிக்கொண்டிருந்தவர் இதில் ஃபால்செட்டோவுக்கு, அதாவது நாம் கள்ளக்குரல் என்கிறோமே அதற்கு, ஏறிவிட்டார். மெல்லிய குரல் என்பதால் எத்தனை அடுக்கினாலும் இரைச்சலாகவில்லை. வார்த்தைகளும் எளிதில் பிடிபடாது. முதலில் அர்த்தமில்லாத ஓசைகளாகப் பாடிப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஓசைக்குப் பொருந்துகிற சொற்களை எழுதியிருக்கிறார். நம் சினிமாவில் மெட்டைத் தத்தகாரமாகப் பாடிக்கொடுத்து வரி எழுதச் சொல்வதைப் போல. அதனால் ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்களும் தயங்காமல் கேட்கலாம்.

நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். எங்கள் அப்பாயி பாடுகிற தாலாட்டில் நாலு வரி. மழைச் சத்தம் உள்ளே வராமலிருக்கக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கைபேசியில் நாலு தடவை பாடி ஒன்றாகச் சேர்த்தேன். முதல் இரண்டு சேர்ந்தபோது தப்பாகப் பாடியது போலத்தான் இருந்தது. மூன்றாவது சேர்ந்ததும் தப்பு மறைந்து, எங்கள் காம்பரா அறைக்குள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். “யாருப்பா கூடப் பாடுறது?” என்று கேட்டார்.

சரி, எதில் தொடங்குவது? நாலாவது பாட்டு ‘த வுல்வ்ஸ்’. ஏறக்குறைய வெறும் குரலாக ஆரம்பித்து, கடைசியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து குரல்கள் குவிந்து, பின்னால் தாளங்கள் சிதறி விழும் இடத்தைக் கேளுங்கள். இதை மென்மையான ஆல்பம் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வராததற்கு அந்த இடம்தான் காரணம். எட்டாவது பாட்டில் ஊதுகருவிகள் வரும்போது, அவ்வளவு நேரம் சாத்திக் கிடந்த கதவை யாரோ திறந்தது போலிருக்கும். ஒன்பதாவதில் கிட்டாரும் குரலும் மட்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், அவசரமே படாது.

கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். இயர்போனில், இரண்டு காதிலும் போட்டுக் கேளுங்கள்.